டயர் தாளம்

நாமக்கல் பைபாஸில் நிற்கும் லாரிகளின் டயர்களை இரும்புக் கம்பியால் தட்டிக்கொண்டே போகிறார் அர்த்தநாரி. டிரைவர்கள் காற்றுப் பார்க்கத் தட்டுவார்கள். இவருக்கு லாரியே கிடையாது. "காத்து இருக்குதுங்களா?" என்று யாராவது பதறினால், "காத்தப் பத்தி எனக்கென்னங்க தெரியும்? சத்தம் அருமையா இருக்குதுங்க" என்று அடுத்த டயருக்கு நகர்ந்துவிடுவார்.

அவர் கச்சேரிகளில் ரிதம் பேட் என்னும் மின்தாளக் கருவி வாசிப்பவர். தேய்ந்த டயரைப் புதுப்பிக்கும் ரீட்ரெடிங் பட்டறைக்கு மேலே, சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய ஓர் அறைதான் அவருடைய ஸ்டுடியோ. முட்டை அட்டைக்கு இந்த ஊரில் பஞ்சமா என்ன? கம்பி டயரில் பட்டுத் துள்ளும் ஓசையைப் பதிவு செய்து, கூடவே பம்பையையும் சேர்த்து அவர் உருவாக்கியதுதான் 'டயர் தாளம்'. கேட்டவருக்கெல்லாம் தூக்கிக் கொடுத்தார். மேடைப் பாடகி பொன்னாத்தாள் அதில் மாரியம்மன் பாட்டுப் பாடினார். இன்னொரு பாடகர் மருதாசலம் லாரி டிரைவரின் காதலைப் பாடினார். ஒரு பிரியாணிக் கடை விளம்பரமும் அதில்தான் ஓடுகிறது.

"ஒரே தாளத்த எத்தன பேருக்குங்க குடுப்பீங்க?" என்றால், "ஒரே தோசைக்கல்லுல ஊட்டுல எல்லாருஞ் சாப்புடறதில்லீங்களா?" என்பார். கொழுப்புத்தான். ஆனால் கேட்கும்போது சிரிப்பு வந்துவிடும்.

அந்தக் கொழுப்பு இந்த வருடம் எருமப்பட்டிப் பக்கத்து மாரியம்மன் திருவிழாவில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. பாட்டுக் கச்சேரி. மருதாசலம் லாரிக் காதலை எடுத்தார். இரண்டு வரி போவதற்குள் முன்வரிசையில் இருந்த குஞ்சம்மாள் தலைமுடியை விரித்துப் போட்டு ஆடத் தொடங்கிவிட்டார். அருள் வந்துவிட்டது! பொன்னாத்தாள் பாட்டைக் கேட்டுக் கேட்டு, குஞ்சம்மாள் காதுக்கு அது அம்மன் தாளம். அர்த்தநாரி அரண்டு போய்ப் பேடிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

பொன்னாத்தாள் விறுவிறுவென்று மேடையேறி அர்த்தநாரி முன்னால் நின்றார். "ஏம்ப்பா, அம்மன் எறங்குற தாளத்துல லவ் பாட்டா? இனிமே இது எனக்கு மட்டுந்தான். இல்லீன்னா உன்ற மேடைக்கே நான் வரல."

"அப்ப என்ற பாட்டு என்னங்கக்கா ஆவறது?" என்றார் மருதாசலம். அவர் முகம் சுருங்கிவிட்டது.

அர்த்தநாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். யாரை விடுவது? ஒருவருக்கு மட்டும் கொடுத்துவிட்டால், ஊரெல்லாம் சுற்றிய தாளம் அன்றோடு ஒரு வீட்டுக்குள் முடங்கிவிடும். அதை நினைக்கவே அவருக்கு அழுகை முட்டியது.

இதற்குள் பூசாரி குஞ்சம்மாள் முன்னால் கைகூப்பி நின்றார். "தாயே, என்ன குறை? சொல்லு."

"பாட்டு எதா இருந்தா எனக்கென்னடா?" என்று அதட்டினார் குஞ்சம்மாள். "தாளத்த எதுக்குடா நிறுத்துன?"

அம்மனே கேட்ட பிறகு பொன்னாத்தாள் யாரிடம் போய் வாதாடுவார்? அர்த்தநாரியின் விரல்கள் பேடில் இறங்கின. மருதாசலம் ஒரு வரி லாரியை ஓட்டினார். விட்ட இடத்தில் பொன்னாத்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே, மாரியம்மனை அழைத்தார். குஞ்சம்மாள் இரண்டுக்கும் ஆடினார். கூட்டம் விசிலடித்தது.

பூசாரி திருநீற்றுத் தட்டோடு மேடையேறி அர்த்தநாரி பக்கத்தில் வந்து நின்றார். அர்த்தநாரி கையை எடுக்கவில்லை. தாளம் பிசகாமல், நெற்றியை மட்டும் முன்னால் நீட்டினார்.