தாமல் வரைக்கும் போனவன் நான்

மூன்றாம் வகுப்போடு முடிந்தது என் படிப்பு. பிள்ளையார்பாளையத்தில் வாடகைத் தறியில் உட்கார்ந்தவன், சொந்தமாகப் பன்னிரண்டு தறி போட்டேன். தண்ணீரே வராது என்று மூன்று பேர் கைவிரித்த இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். மாடி கட்டினேன். தங்கைகள் இருவரையும் தூரத்து ஊர்களில் கட்டிக் கொடுத்தேன், மகளைக் காலேஜ் அனுப்பினேன். எவனும் தோள் கொடுக்கவில்லை. கொடுத்த ஒருத்தி என் மனைவி. மகளின் கல்யாணத்துக்கு முந்தைய வருஷம் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது வழக்கம். தாய் இல்லாத வீட்டில் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளை வேலையாக வெளிநாடு போனதால் ஐந்தாம் மாதமே மகள் வந்துவிட்டாள். கால் வீங்குகிறதா, இடுப்பு வலிக்கிறதா என்று அப்பன் எப்படிக் கேட்பான்? "சாப்டியா?" என்பேன். "சாப்டேன் நைனா" என்பாள். அதோடு சரி.

எங்கள் பக்கத்து அரசு சுகாதார நிலையத்தில், பிரசவம் பார்ப்பதற்கென்றே தனியாகப் படித்த ஒரு சிஸ்டர் இருந்தாள். தாமல் ஊர்க்காரி. முதல் நாள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தவள் அவள்தான். அதற்குப் பிறகும் ஒவ்வொரு தடவையும் அவளே பார்த்தாள். நான் வெளியே பெஞ்சில் இருப்பேன். உள்ளே மகள் சிரிப்பது கேட்கும். என் வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

"அப்படி இன்னாம்மா பேசறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பயமா இருக்குதுன்னு சொன்னேன் நைனா."

என்னிடம் அதைச் சொன்னதே இல்லை.

ஒன்பதாம் மாதம் நான் பெரிய மனுஷன் வேலை ஒன்று செய்தேன். பன்னிரண்டு தறிக்காரன் மகள் அரசாங்க பெஞ்சில் கிடப்பதா என்று, ஏ.சி. ரூம் உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் இடம் சொல்லிவிட்டேன்.

மகள் கேட்டாள்: "பாதி நெய்ஞ்ச பொடவைய வேற ஆள்கிட்ட குடுப்பியா நைனா நீ?"

கொடுக்க மாட்டேன். தறியில் ஒரு கை அடிக்கிற அடி இன்னொரு கைக்கு வராது. கை மாறின இடத்தில் சேலையின் குறுக்கே கோடு விழும். நெசவாளி ஜுரத்தில் படுத்தபோது, பத்து நாள் தறியைச் சும்மா நிறுத்தி வைத்தவன் நான். ஆனாலும், "பொடவையும் புள்ளயும் ஒண்ணா? சும்மா இரு" என்று அதட்டினேன்.

வலி எடுத்ததும் விடியற்காலையில் சேர்த்தோம். அங்கே யாரும் குறை வைக்கவில்லை. ஒரு நர்ஸ் வந்து பார்த்தாள், பிறகு இன்னொருத்தி. ஷிஃப்ட் மாறி வந்த மூன்றாமவள் மறுபடியும் பேர் கேட்டாள். துணைக்கு ஒரு பெண் உள்ளே இருக்கலாம் என்றார்கள். என் வீட்டில் பெண் ஏது? பத்து மணிக்கு மேல் வலி அப்படியே அடங்கிப் போனது. டாக்டரம்மா ஆபரேஷன் பற்றிப் பேச ஆரம்பித்தார். கதவு திறந்த நேரம் மகள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"நைனா, அவங்கள கூட்டிக்கினு வா."

யாரை என்று நான் கேட்கவில்லை. சிஸ்டருக்கு அன்றைக்கு லீவு. மொபெட்டை எடுத்துக்கொண்டு தாமலுக்குப் போனேன். ஏரிக்கரையை ஒட்டித்தான் அவள் வீடு. மாவரைத்துக்கொண்டிருந்தாள். வாழ்நாளில் யார் வாசலிலும் நின்று எதையும் கேட்டவனில்லை நான்.

"தப்பு பண்ணிட்டேம்மா. பொண்ணு உன்னத்தான் கேக்குது."

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா ஐயா?" என்றாள். சொல்லும்போதே கையைக் கழுவிவிட்டாள். "அங்க நான் நர்ஸு இல்ல. அவளுக்குத் துணையா வரேன், அவ்ளோதான்."

வழியில் என் தோளைத் தட்டி, "மெதுவா போங்க. என்னையும் அட்மிட் பண்ணிடாதீங்க" என்றாள்.

டாக்டரம்மா சரியென்று உள்ளே விட்டார். அதற்குப் பிறகு ஒரு காபிக்குக்கூட அவள் வெளியே வரவில்லை. "என்னைப் புடிச்சிக்கினு நட. நான் எங்கியும் போவல" என்கிற குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மதியத்துக்குப் பிறகு வலி திரும்பியது. கத்தி வைக்காமல், விளக்கு வைக்கிற நேரத்தில் பேத்தி பிறந்தாள்.

ஊசி மருந்து எதுவும் அவள் தரவில்லை. விட்டுப் போகாமல் கூட இருந்தாள், அவ்வளவுதான். பிள்ளை பெறுகிற ஒவ்வொருத்திக்கும் அப்படி ஒருத்தி, முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஆளாக, வேண்டும். இதைச் சுகாதார நிலையத்துக்குப் போய் நானே வாய்விட்டுச் சொல்லிவிட்டு வந்தேன்.

மகள் இப்போது மாப்பிள்ளையோடு இருக்கிறாள். சாயங்காலம் நெசவாளிகள் போனதும் வீட்டில் நான் ஒருவன்தான். மாடியைத் திறந்து பல மாதமாகிறது. போனில் பேத்தியிடம், "சிஸ்டர் ஆன்ட்டிதான் அம்மாவப் புடிச்சிக்கினே இருந்தாங்க" என்று மகள் கதை சொல்வாள். "தாத்தா?" என்று குழந்தை கேட்கும். "தாத்தா வெளிய பெஞ்சுல இருந்தாரு."

இது நியாயமில்லை. சிஸ்டரின் பங்கில் எனக்கு ஒரு நூல்கூட வேண்டாம். ஆனால் தாமலுக்குப் போய் அந்த வாசலில் நின்றவன் நான். கையை மாற்றியவனும் நான், பழைய கையைத் திரும்பக் கொண்டுவந்தவனும் நான். இரண்டையும் சேர்த்தே பேத்திக்குச் சொல்ல வேண்டும். பெஞ்சில் இருந்தார் என்று மட்டும் சொல்லக் கூடாது.