அண்ணன் தேய்த்த வைர லென்ஸ்

எங்கள் அண்ணன் மறைந்து இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். எழுத உட்கார்ந்ததிலிருந்து பயமாகத்தான் இருக்கிறது.

டி. கல்லுப்பட்டிப் பக்கம் பிறந்த அண்ணன், அப்பா தவறிய பின் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, செல்லூரில் வைரம் பட்டை தீட்டும் பட்டறையில் சேர்ந்தார். ஒரு கல்லைக்கூடக் கெடுத்ததில்லை. அவர் உழைப்பில்தான் நான் ஒத்தக்கடைப் பக்கம் பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறான், பட்டறைக்கு அனுப்பு" என்று, வீட்டுக்குப் பெரியவரான மாமா சொல்லிக்கொண்டே இருந்த காலம் அது.

அப்போது ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து பட்டறைக்குப் புதுமாதிரி வேலை வந்தது. உளுந்து அளவு வைரத்தை ஒரு கருவிக்கு லென்ஸாகத் தேய்த்துத் தர வேண்டும். கொடுத்தது ஒரே கல். முதலாளி அதை அண்ணனிடம்தான் ஒப்படைத்தார். இரும்பில் கிண்ணம்போல் குழி கடைந்து, எண்ணெயில் குழைத்த வைரப்பொடியைத் தடவி, கல்லை அதற்குள் சுழற்றித் தேய்க்க வேண்டும். குழியின் வளைவுதான் லென்ஸின் வளைவு.

கல்லோடு வந்த வரைபடம் ஆங்கிலத்தில் இருந்ததால் அண்ணன் என்னை வரச்சொன்னார்.

"மாப்ள, இஞ்சினியர் வந்துட்டாரு, எந்திரிச்சு நில்லுங்கடா" என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்தார்கள்.

அண்ணன் சிரிக்கவில்லை. "வளைவுக்கு எட்டு மில்லின்னு போட்டிருக்கே, இது நம்ம கல்லுக்கு அளக்குற மாதிரி குறுக்களவுதானே? நல்லாப் பாத்துச் சொல்லுடா."

"குறுக்களவுதாண்ணே. எம்புட்டுத் தடவ கேப்ப?"

"கோவிச்சுக்காதடா. வைரத்துல தேஞ்சது திரும்ப வராது."

பட்டறையில் எல்லாக் கல்லையும் குறுக்காகத்தான் அளப்பார்கள். அதே நினைப்பில் சரியாகப் பார்க்காமல் சொல்லிவிட்டேன். நான்கு நாள் கழித்து, வகுப்பில் ஆசிரியர் ஒரு வளைவை வரைந்து அதன் ஆரத்தைக் குறித்தபோதுதான் என் தப்பு புரிந்தது. லென்ஸின் வளைவையும் ஆரத்தில்தான் குறிப்பார்கள். நான் சொன்னபடி தேய்த்தால் ஆரம் பாதியாகி, வளைவு இரு மடங்காகிவிடும். பூத்திலிருந்து பட்டறைக்குப் போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. பஸ் பிடித்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும், இன்னும் கொஞ்சம் தேய்ந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே போனேன்.

போய்ச் சேர்ந்தபோது அண்ணன் தேய்த்து முடித்த கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு கீறல் இல்லை. பளபளவென்று உருண்டையாக இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். உள்ளே முதலாளியின் குரல் கேட்டதும் என் தோளைப் பிடித்து வாசல் பக்கம் தள்ளினார்.

"வாயத் தொறக்காத. மாமா காதுக்குப் போச்சுன்னா நாளைக்கே உன்ன இங்க உக்கார வச்சிருவாரு. காலேஜுக்குப் போ."

"அண்ணே, நான்தானே..."

"போடான்னா!"

போனேன். "அளவு எடுத்தது என் தப்புதான் மொதலாளி" என்று அவர் சொன்னது தெருவரை கேட்டது.

அண்ணனுக்கு வேலை போயிற்று. 'அவனுக்குக் கை நடுங்குது' என்ற பேச்சு பரவி, வேறெந்த வைரப் பட்டறையும் அவரைச் சேர்க்கவில்லை. கடைசிவரை ஒரு கடையில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்தார். விசேஷ வீடுகளில் மாமா அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம், அண்ணன் என் பக்கம் திரும்பிவிடுவாரோ என்று நடுங்குவேன். ஒருமுறைகூடத் திரும்பியதில்லை. மஞ்சள் காமாலையில் அவர் கிடந்தபோது, அம்மா முன்னால் சொல்லிவிட வாயெடுத்தேன். "கொஞ்சம் தண்ணி குடுடா" என்று பேச்சை மாற்றிவிட்டார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

ரத்தம் கொடுத்த நண்பர்களுக்கும், ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துணையிருந்த பக்கத்து வீட்டாருக்கும், காரியங்களை முன்நின்று நடத்திய மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமா, இதைப் படித்ததும் என்னைக் கூப்பிட்டு என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், வருகிறேன். அண்ணனுக்கு ஒருநாளும் கை நடுங்கியதில்லை. அளவைத் தப்பாகச் சொன்னவன் நான்.