கதவைச் சாத்திக்கொண்டு கேட்டது

மலாயாவில் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசாங்கம் சண்டை போட்ட அவசரகாலத்தில், கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் மிஸ்ஸியாக இருந்தேன். நர்ஸை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் சுங்கைப் பட்டாணி டவுனில் பிறந்து வளர்ந்தவள். தோட்டத்து நடைமுறை எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். காயம், காய்ச்சல், பிரசவம் என்று வேலை ஓயாது. போதாக்குறைக்குச் சுற்றிலும் முள்வேலி, வாசலில் சோதனை, ஊரடங்கு. எல்லாருக்கும் அலுத்துப்போயிருந்தது.

அந்தச் சமயம் பார்த்துத் தோட்ட மேனேஜரான துரைக்கு ஒரு யோசனை வந்தது. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் குறைந்துகொண்டே வந்தது. வீட்டுக் கவலைதான் காரணம் என்று எங்கேயோ படித்துவிட்டார். புதன்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் யார் வேண்டுமானாலும் மனம்விட்டுப் பேசலாம், பேசியது ஆபீசுக்குக்கூடத் தெரியாது என்று அறிவித்து, அதையும் என் தலையில் கட்டினார்.

மூன்று வாரம் ஒருவரும் வரவில்லை. நான் நாற்காலியிலேயே தூங்கினேன். நான்காவது வாரம் ரப்பர் பால் ஏற்றும் லோரியை ஓட்டுகிறவரின் மனைவி வந்தாள். பாலுக்காக ரப்பர் மரத்தில் பட்டை வெட்டுகிறவள், முப்பது வயதிருக்கும். உட்கார்ந்தவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவமாக இருந்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன்.

அது நான் செய்த புத்திகெட்ட வேலை. அந்த நாளில் தோட்டத்தில் இருட்டுவதற்கு முன் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள். சாத்தினால் உள்ளே யாரோ போலீசுக்குத் துப்புச் சொல்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம், பட்டணத்துக்காரியான எனக்குத் தெரியவில்லை.

"அன்னிக்குக் காட்டோரத்துல லோரிய சுட்டாங்கல்ல மிஸ்ஸி, அதுலேருந்து இவரு சரியில்ல" என்றாள். "படுக்கையிலேயே ஒண்ணுக்குப் போயிடுறாரு. ஸ்டியரிங்கப் புடிச்சா கை நடுங்குது. வெளிய தெரிஞ்சா இந்தத் தோட்டத்துல எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்னு கேக்குறாரு."

என்னிடம் அதற்கு மருந்து இல்லை. பெயர் சொல்லாமல் டாக்டரிடம் கேட்கிறேன், யாரிடமும் வாய் திறக்க மாட்டேன் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

இரண்டு நாளில் போலீஸ் வந்து, காட்டிலிருப்பவர்களுக்கு உதவினார்கள் என்று லயத்தில் இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போனது. பழி நேராக அவள்மேல் விழுந்தது. குழாயடியில் அவள் வாளியை எடுத்து ஓரமாக வைத்தார்கள். அடுத்த வாரம் அவள் வெட்டும் மரத்தில் காட்டுக்காரர்களின் தாள் ஒன்று குத்தியிருந்தது. துப்புச் சொன்னதற்குத் தண்டனை உண்டு என்று எழுதியிருந்தது. அப்படித் தாள் வந்த பிறகு தப்பித்தவர்கள் குறைவு.

கையில் காயம் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு என்னிடம் வந்தாள். "அவரு சங்கதிய யாரு கேட்டாலும் சொல்லிடாதீங்க மிஸ்ஸி. என்னைப் பேசுனா பேசிட்டுப் போறாங்க."

எனக்குக் கோபம் வந்தது. உயிர் போன பிறகு மானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று திட்டினேன். அவள் முடியாது என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் கங்காணி வந்தார். "அந்தப் பொம்பள என்னதான் சொன்னுச்சு மிஸ்ஸி?"

"பொம்பளைங்க நோவு, அவ்வளவுதான்."

"அதுக்குத்தான் தினம் காலையில வர்றாங்களே. புதன்கிழமை கதவ அடைச்சிக்கிட்டு எதுக்குலா? உள்ளதச் சொல்லுங்க. போக வேண்டிய எடத்துக்கு நான் சேதி அனுப்புறேன். இல்லாட்டி என் கையில ஒண்ணுமில்ல."

நான் களைத்துப்போயிருந்தேன். அதைச் சாக்காகச் சொல்லவில்லை. அன்றைக்கு இருந்ததைச் சொல்கிறேன். பயமும் இருந்தது, அவளுக்காகவும் எனக்காகவும். படுக்கை நனைவது, கை நடுங்குவது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தலையைக் குனிந்தபடி கேட்டுவிட்டு அவர் போனார்.

அவளுக்கு ஒன்றும் நேரவில்லை. குழாயடியில் இடம் விட்டார்கள். ஆனால் மூன்றாம் நாள் காலையில் லோரியின் ஸ்டியரிங்கில் யாரோ குழந்தைக்குக் கட்டும் துணியைக் கட்டி வைத்திருந்தார்கள். பெரட்டுக்கு நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் சிரித்தார்கள். அவர் அதை அவிழ்த்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற நான் உள்ளே போய்விட்டேன்.

அந்த மாதக் கடைசியில் அவர்கள் வேறு தோட்டத்துக்குப் போனார்கள். போகிற அன்று அவள் மட்டும் வந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"நான் செய்யாதத நீங்க செஞ்சிட்டீங்க மிஸ்ஸி" என்றாள்.

அவள் உயிரோடு இருந்ததால்தானே என் முகத்துக்கு நேராக வந்து அதைச் சொல்ல முடிந்தது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஒரு நாள்கூட எனக்கு அது ஆறுதலாக இருந்ததில்லை.