சின்னப் போத்தலும் குருநகர் அக்காவும்

யாழ்ப்பாணக் கடலோரத்து நண்டுக் கொம்பனியில் நான் வேலைக்குச் சேர்ந்தது வீட்டில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. நாங்கள் கொடிகாமத்தில் தோட்டம் செய்கிற சைவக் குடும்பம். வேலை முடிந்து வந்தால் அம்மா நேரே கிணற்றடியைக் காட்டுவார். குளித்த பிறகுதான் உள்ளே விடுவார்.

அவித்த நண்டின் ஓட்டை உடைத்துச் சதையைச் சிதையாமல் எடுப்பது எங்கள் வேலை. நீண்ட மேசையின் இரண்டு பக்கமும் பெண்கள். எனக்குப் பக்கத்தில் குருநகர் அக்கா நிற்பார். நாங்கள் வேதக்காரர் என்று சொல்கிற கிறிஸ்தவர், புருஷன் கடலுக்குப் போகிறவர். முகக்கவசத்துக்குள் இருந்தபடியே பகிடி விட்டு மேசை முழுவதையும் சிரிக்க வைப்பார்.

அதுவரை நாங்கள் எடுத்த சதை கொழும்புக்குத்தான் போனது. முதலாளிக்கு நேரே வெளிநாட்டுக்கு அனுப்ப ஆசை. அதற்குச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். அதிகாரிகள் வந்து தண்ணீர், ஐஸ், தரை, எங்கள் நகம் எல்லாம் பார்த்தார்கள். சதையைத் தொடுகிற ஆட்களுக்கு மருத்துவப் பரிசோதனையும் வேண்டும் என்று சொல்லிப் போனார்கள். மறுநாள் மேற்பார்வையாளர் ஆளுக்கொரு சின்னப் போத்தல் தந்தார். மலப் பரிசோதனைக்கு என்று சொல்ல அவருக்கு வெட்கம். காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

விடிந்ததும் நான் நிரப்பிய போத்தலைப் பேப்பரில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். உள்ளே நெருக்கியடிக்கிற சனம். சீற்றில் இருந்துகொண்டு வந்த ஓர் அம்மா, நான் நின்று கஷ்டப்படுவதைப் பார்த்துக் கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பட்டணம் வரும்வரை அதை இறுக்கிப் பிடித்திருந்தார். ஆஸ்பத்திரியில் காத்துநின்ற அக்காவுக்கு இதைச் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டார். தாதி வந்து எங்களை அதட்டினார்.

சில நாளில் முடிவு வந்தது. எல்லோருக்கும் சரி, அக்காவுக்கு மட்டும் டைபாய்டு என்கிற நெருப்புக்காய்ச்சல் கிருமி இருக்கிறதாம். காய்ச்சலோ தலையிடியோ ஒன்றும் அவருக்கு இருக்கவில்லை. ஆனாலும் மருந்தை முடித்து, மறுபரிசோதனை சரிவரும்வரை உள்ளே வரக்கூடாது என்றார்கள். அக்கா கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார். அவர் நின்ற இடத்தை எங்களில் இரண்டு பேர் குளோரின் தண்ணீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச மாம்பழம் எடுத்துக்கொண்டு குருநகருக்குப் போனேன். அக்கா வாசலிலேயே மறித்தார்.

“கிட்ட வராதையடி.”

நான் கேட்கவில்லை, உள்ளே போய் இருந்தேன். அக்கா தன் கைகளைப் பார்த்தபடி சொன்னார்:

“கடற்கரையிலை பிறந்து நண்டோடை வளர்ந்தனான். இப்ப என்ரை கை படக்கூடாதாம்.”

நான் மாம்பழத்தை அவர் மடியில் வைத்தேன்.

“குளிசையை ஒழுங்காப் போடுங்கோ அக்கா. நீங்கள் வருமட்டும் உங்கடை இடத்திலை ஒருத்தரையும் நிக்க விடமாட்டன்” என்றேன்.

பிறகு அவருடைய குசினியில் நானே தேத்தண்ணி போட்டேன். அக்கா கதிரையில் இருந்துகொண்டு, சீனி காணாது என்று குறை சொன்னார். அவருக்குக் குறை சொல்ல வந்ததே எனக்குப் பெரிய ஆறுதல்.

ஒருநாள் காலை கை கழுவும் இடத்தில் அவர் குரல் கேட்டது. பரிசோதனை சரிவந்துவிட்டது. நான் ஈரக் கையோடேயே போய்க் கட்டிப்பிடித்தேன். இடத்தைக் கழுவிய இருவரும் தாங்களாகவே வந்து சுகம் விசாரித்தார்கள். அக்கா அவர்களோடும் பழையபடி பகிடி விட்டார்.

பிறகு சான்றிதழும் கிடைத்தது. முதல் பெட்டிகள் லொறியில் ஏறியபோது தொப்பியும் சப்பாத்துமாக நாங்கள் எல்லோரும் முற்றத்தில் நின்று பார்த்தோம். அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு என் காதுக்குள், “எங்களை விட நண்டு குடுத்து வைச்சது, பிளேன் ஏறுது” என்றார்.

இப்போது நான் கலியாணம் செய்து கொடிகாமத்திலேயே இருக்கிறேன். அக்காவும் முழங்கால் நோவால் வேலையை விட்டுவிட்டார். கோயில் பெருநாளுக்குக் கூப்பிடுவார், போவேன். திரும்பி வருகிற பஸ், கொம்பனிப் பக்கமாகத் திரும்பும்போது ஓடு உடைபடுகிற சத்தமும் அந்த மேசைச் சிரிப்பும் கேட்பதுபோல இருக்கும். அந்தக் காலத்தை நினைத்துக்கொண்டே வீடு வந்துசேர்வேன்.