மணிமேகலையின் தாய்மாமன்

பாப்பிரெட்டிப்பட்டியைச் சுற்றி எந்த ஊரில் கல்யாணம் என்றாலும் பந்தியில் தண்ணீர் ஊற்ற மாதப்பன் வந்துவிடுவான். பத்திரிகை வைக்க வேண்டியதில்லை. வாசலில் வாழைமரம் கண்டால் போதும். நாற்பது தாண்டிய ஆள். எழுத்துக் கூட்டத் தெரியாது, கிழமை தெரியாது. புத்தி மட்டு என்று ஊர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது. ஆனால் கல்யாண வீட்டில் அவனைப் போல் சந்தோஷமாக இருக்கத் தெரிந்தவர்கள் பெண், மாப்பிள்ளை உட்பட யாருமில்லை. மேளம் கேட்டால் கையில் ஜக்கோடு ஓர் ஆட்டம் போட்டுவிட்டுத்தான் அடுத்த இலைக்குப் போவான்.

பெற்றவர்கள் போனபின் அவனுக்குச் சோறு போட்டு வைத்திருப்பவள் அக்கா தீர்த்தம்மாள். புருஷனைப் பறிகொடுத்தவள். அவள் மகள் மணிமேகலைக்கு மாதப்பன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தினார்கள். அன்றிலிருந்து அவனுக்கு ஒரே கனவு. கல்யாணத்தன்று தாய்மாமன்தானே பெண்ணுக்கு நெற்றிப்பட்டம் கட்டி மணவறைக்கு அழைத்து வர வேண்டும்? எத்தனை கல்யாணத்தில் பார்த்திருக்கிறான்! "எங் கண்ணுக்கு நாந்தான் பட்டங் கட்டுவேன்" என்று டீக்கடை, பஸ் ஸ்டாண்டு எல்லா இடத்திலும் சொல்லி வைத்திருந்தான்.

மணிமேகலையைப் பார்க்க வந்த முதல் இரண்டு வீட்டாரும் மாதப்பனைக் கண்டதும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். "நாளைக்குப் பொறக்கறதும் இப்படி இருந்துட்டா?" என்று தரகர் வழியாகச் சொல்லியனுப்பினார்கள். மகா புத்திசாலிகள்! ஏரியூரிலிருந்து அடுத்த வீட்டார் வந்தபோது தீர்த்தம்மாள் தம்பியைப் புளியந்தோப்புக்கு அனுப்பிவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா, "உங்க கூடப் பொறந்தவங்க யாருங்க?" என்று தீர்த்தம்மாளைக் கேட்டாள்.

"நான் ஒருத்திதாங்க."

சொன்ன நாக்கு கசந்தது. மணிமேகலை தலையைக் குனிந்துகொண்டாள்.

கல்யாணம் நிச்சயமானது. தாய்மாமன் முறைக்குப் பட்டம் கட்டத் தீர்த்தம்மாளின் சித்தப்பா மகன் முருகனைப் பேசி வைத்தார்கள். ஊரும் வாயைக் கட்டிக்கொண்டது; ஒரு பெண் கரையேற வேண்டுமல்லவா? ஆனால் மாதப்பன் வந்தே தீருவானே! தீர்த்தம்மாள் பாடம் எடுக்க ஆரம்பித்தாள்.

"கல்யாணத்துல என்னைய எப்படிக் கூப்புடுவ?"

"அக்கா."

"அக்கா இல்லடா. வெளியாளு மாதிரி 'ஏங்கம்மா'ன்னு கூப்புடணும். அப்பத்தான் மணிக்குக் கல்யாணம் நடக்கும்."

அக்கா என்றால் சோறு கிடையாது என்றாள். அவன் மறந்து சொன்னான், தட்டை எடுத்துவிட்டாள். இன்னொரு நாள், "பரவால்ல, இப்ப சொல்லு" என்று ஆழம் பார்த்தாள். நம்பிச் சொன்னான். அன்றைக்கும் தட்டு போயிற்று. அவனைப் பட்டினி போட்டுவிட்டுத் தானும் சாப்பிட முடியாமல் கிடந்தாள். ஆனாலும் விடவில்லை. கல்யாணம் நெருங்கியபோது மாதப்பன் தவறவே இல்லை.

முகூர்த்தத்தில் முருகன் பட்டம் கட்டினான். மாதப்பன் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் நின்று பார்த்தான். மேளம் கொட்டியும் ஆடவில்லை. பந்தியில் சம்பந்தி அவனைக் காட்டி, "யாருங்க இவரு?" என்று கேட்டார்.

"நம்மூரு ஆளுதாங்க. எல்லாக் கல்யாணத்துக்கும் வந்து தண்ணி ஊத்துவாருங்க" என்றாள் தீர்த்தம்மாள்.

"ஆமாங்க" என்று தலையாட்டிவிட்டு, சரியாகச் சொன்னோமா என்று அவள் முகத்தைப் பார்த்தான் மாதப்பன். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏரியூர் வேனில் ஏற்றிவிட்டு இருவரும் வீடு வந்தார்கள். அவனுக்குச் சோறு போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"எல்லாம் முடிஞ்சுது சாமி. இனிமே அக்கான்னே கூப்புடு."

மாதப்பன் கள்ளச் சிரிப்போடு தட்டை இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"மாட்டனே! ஏங்கம்மா."

கெஞ்சினாள், சத்தியம் செய்தாள், முதுகில் ஓர் அடியும் வைத்தாள். மறுபடி ஏமாற அவன் தயாராக இல்லை. பிறந்ததிலிருந்து முதல் முறையாக ஒரு பாடத்தைத் தப்பில்லாமல் படித்திருக்கிறான், விடுவானா?

மாதங்கள் ஓடிவிட்டன. மற்ற கல்யாணங்களுக்குப் போகிறான், பழையபடி ஆடுகிறான். வீட்டில் மட்டும் அக்கா என்பதில்லை. போன வாரம் தீர்த்தம்மாள் தாங்க முடியாமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு தடவ சொல்லுடா" என்று உடைந்து அழுதாள். மாதப்பன் பதறிக் கையை விடுவித்துக்கொண்டான். வேற்று வீட்டுப் பெண்ணிடம் நிற்கிற தூரத்தில் தள்ளி நின்று, "அழுவாதீங்கம்மா" என்றான்.