பட்டாம்பூச்சி ராட்டினமும் இரண்டு மொட்டைகளும்

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், அமெரிக்காவில் ஃப்ளோரிடா பக்கம் ஒரு பெரிய தீம் பார்க்கில் நடந்தது இது. அந்த நாட்டில் நான் கால் வைத்து நாலே நாள்தான் ஆகியிருந்தது. அப்போது என் தலையிலும் முடி கிடையாது, என் ஏழு வயது மகளின் தலையிலும் கிடையாது.

எங்களுக்குச் சொந்த ஊர் சித்தூர் ஜில்லாவில் நகரி பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, இங்கிலீஷ் பரீட்சைக்கு மட்டும். கம்ப்யூட்டர் படித்தவர்கள் எல்லாம் அமெரிக்கா, சிங்கப்பூர் என்று பெட்டி கட்டிக்கொண்டிருந்த காலம் அது. என் வீட்டுக்காரரும் கிளம்பினார். ஆறு மாதத்தில் எங்களை அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. சென்னையில் வீசா நேர்காணலுக்கு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதம் என்பது இரண்டு வருஷமாக இழுத்துவிட்டது.

மகளுக்கு அப்பா என்றால் போனில் வருகிற ஒரு குரல், அவ்வளவுதான். "நைனாகிட்ட பேசு" என்று ரிசீவரை நீட்டினால் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். அவரும் விடமாட்டார். "இங்க ஒரு பெரிய பார்க் இருக்குதும்மா. நீ வந்தவுடனே கூட்டிக்கினு போறேன். பட்டாம்பூச்சி மேல உக்காந்து பறக்கலாம்" என்று ஒவ்வொரு வாரமும் ஆசை காட்டுவார். அதற்கு மட்டும் கதவுக்குப் பின்னாலிருந்து தலை எட்டிப் பார்க்கும்.

மூன்றாவது நேர்காணலுக்கு முதல் நாள் நான் வாய்விட்டே வேண்டிக்கொண்டேன். வீசா கையில் வந்தால் நானும் குழந்தையும் மலைக்கு வந்து முடி கொடுக்கிறோம் என்று. வந்துவிட்டது. "பொம்பளைங்க நுனியில மூணு கத்தரி முடி குடுத்தா போதும்டி, இம்மாம் முடிய போய் எடுப்பியா?" என்று மாமியார் அங்கலாய்த்தார். எனக்கு இடுப்பு வரைக்கும் முடி. ஆனால் பெருமாளிடம் பேரம் பேச எனக்குத் தைரியம் இல்லை. விமானம் ஏறுவதற்கு மூன்று நாள் இருக்கும்போது திருமலையில் அம்மாவும் மகளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டு, சந்தனம் பூசிக்கொண்டு இறங்கினோம். எங்கள் பக்கத்தில் மொட்டைத் தலையோடு பஸ் ஏறினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். மிஞ்சிப்போனால் தரிசனத்துக்கு எத்தனை மணி நேரம் ஆச்சு என்று கேட்பார்கள்.

அமெரிக்காவில் இறங்கியதும் ஏர்போர்ட் அதிகாரி பாஸ்போர்ட்டில் இருந்த ஜடைக்காரியையும் எதிரில் நின்ற மொட்டைக்காரியையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு "திருப்பதி, திருப்பதி" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, முத்திரை குத்திவிட்டார்.

வெளியே என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். இரண்டு வருஷத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மகளைத் தூக்கக் கையை நீட்டினார். அவள் என் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். அடுத்த நாளும் அப்படித்தான். "அந்த அங்கிள் எப்பம்மா வேலைக்குப் போவாரு?" என்று என் காதில் கேட்டாள். அவருக்கும் கேட்டுவிட்டது. மனுஷன் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

நாலாம் நாள் பார்க்குக்குப் போனோம். அவர் முன்பே லீவு சொல்லி ஏற்பாடு செய்து வைத்திருந்தார். ஜூலை மாதத்து வெயில், புழுக்கம், கூட்டம். முதல் ராட்டினத்துக்கே ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டுமாம். "திருமலையில வைகுண்டம் கம்பார்ட்மென்ட்ல தரிசனத்துக்கு ராத்திரி முழுக்க உக்காந்து வந்தவளுக்கு இதெல்லாம் இன்னாங்க?" என்று நான் வீராப்பாகச் சொன்னேன். மகள்தான் முகம் வாடிப்போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள்.

அப்போது பார்க்கில் வேலை செய்கிற ஒரு இளம் பெண் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வந்தவள் என் மகளுக்கு முன்னால் மண்டி போட்டாள். பெயர் கேட்டாள், சட்டையில் ஒரு நட்சத்திர பேட்ஜைக் குத்தினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. வேகமாக ஏதோ சொன்னாள். எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. என் வீட்டுக்காரரிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, கயிற்றைத் தூக்கிப் பக்கவாட்டு வழியாக எங்களை நேரே உள்ளே அனுப்பிவிட்டாள்.

"நம்மள மட்டும் ஏங்க வுட்டாங்க?"

"தெரியலை. வா பேசாம."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. என் மனதில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மொட்டை போட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் இந்த ஊரில் வி.ஐ.பி. தரிசனம் மாதிரி வரிசையே இல்லாமல் அனுப்புகிறான் ஏழுமலையான் என்று பூரித்துப்போனேன். சீட்டைக் காட்டிய இடத்தில் எல்லாம் கதவு திறந்தது. ஒரு இடத்தில் மகள் உயரத்துக்கு ஒரு நீல முயல் பொம்மையை அவள் கையில் கொடுத்துத் தட்டிக் கொடுத்தார்கள். நான் உள்ளுக்குள் கோவிந்தா போட்டுக்கொண்டே நடந்தேன். அட முட்டாளே என்று இப்போது என்னையே திட்டிக்கொள்கிறேன்.

மூன்றாவது ராட்டினத்தில் பயந்துபோய் மகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இறங்கும்போது, "நைனா, இன்னொரு வாட்டி!" என்று கத்தினாள். அவர் அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ராட்டினம் ஏறும்போது தவிர இறக்கவே இல்லை.

மதியம் கடைசியாகப் பட்டாம்பூச்சி ராட்டினத்துக்கு வந்தோம். போனில் இரண்டு வருஷம் கேட்ட பட்டாம்பூச்சி. எங்கள் ஊர் ஜாத்திரைத் திருவிழா ராட்டினத்தைப் போல நாலு மடங்கு உயரம். ஒவ்வொரு பட்டாம்பூச்சியின் முதுகிலும் இரண்டு பேர் உட்காரலாம். பக்கவாட்டுக் கேட்டில் எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் நின்றது. அம்மா, அப்பா, சக்கர நாற்காலியில் ஒரு பெண் குழந்தை. அதற்கும் என் மகள் வயதுதான் இருக்கும். தலையில் பூப்போட்ட துணி கட்டியிருந்தது. கழுத்துக்குக் கீழே ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. கண் மட்டும் மேலே சுற்றுகிற பட்டாம்பூச்சியையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த அம்மாள் திரும்பி என் மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அடுத்த நொடி என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். என் மொட்டைத் தலையில் கை வைத்துத் தடவி, நெற்றியில் முத்தம் கொடுத்தாள். அழுதுகொண்டே ஏதோ கேட்டாள். நான் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினேன். ஆஹா, இந்த அம்மாவுக்குத் திருப்பதி மொட்டையைப் பற்றித் தெரிந்திருக்கிறதே என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அவள் கணவனிடம் ஏதோ சொல்லிவிட்டு, நாற்காலியைப் பின்னால் இழுத்து, எங்களை முன்னால் போகச் சொல்லிக் கை காட்டினாள். என் வீட்டுக்காரர் வேண்டாம் வேண்டாம் என்று சொன்னார். அவள் விடவில்லை. அந்த வழியில் ஒரு சுற்றுக்கு ஒரு பட்டாம்பூச்சிதான் கொடுப்பார்கள். நானும் மகளும் ஏறி உட்கார்ந்துவிட்டோம். மேலே போனபோது, கீழே நாற்காலியில் இருந்த குழந்தை எங்களைப் பார்த்துக் கையசைத்தது. என் மகளும் அசைத்தாள்.

நாங்கள் இறங்கவும் இடி இடிக்கவும் சரியாக இருந்தது. அந்த ஊரில் இடி இடித்தால் உயரமான ராட்டினம் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்களாம். சங்கிலி போட்டுக் கேட்டை மூடினார்கள். மழை கொட்டியது. எல்லோரும் பக்கத்துக் கொட்டகையில் ஒதுங்கினோம். அந்தக் குடும்பமும் ஒரு ஓரத்தில் நின்றது.

"அய்யோ பாவம், அந்தக் கொழந்த ஏறவே இல்லையேங்க" என்றேன்.

அவர் மகளைத் தோளிலிருந்து இறக்கிப் பொம்மையோடு உட்கார வைத்தார். பிறகு என்னைத் தள்ளி அழைத்துப்போய்த் தணிந்த குரலில் சொன்னார். "அதுக்குக் கேன்சர். மருந்துல முடி கொட்டிப்போச்சு. நம்ம பாப்பாவுக்கும் அதான்னு நினைச்சுக்கினாங்க. புள்ளைக்கு முடி போச்சுன்னு நீயும் எடுத்துக்கினன்னு நினைச்சுக்கினாங்க. இங்க பெத்தவங்க அப்படிச் செய்வாங்க."

அந்தப் பெண் மண்டி போட்டது, பேட்ஜ், முயல் பொம்மை, அந்த அம்மாள் கொடுத்த முத்தம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. பெற்ற மகளுக்கு அப்படி ஒரு நோய் என்று நானே யெஸ் யெஸ் என்று தலையாட்டியிருக்கிறேன்!

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"காத்தாலையே."

"தெரிஞ்சுமா வாய மூடிக்கினு வந்தீங்க? ச்சீ!"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டு வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் நைனான்னு கூப்புட்டா. நான் இன்னா பண்ணுவேன், சொல்லு" என்றார்.

அதற்கு மேல் அவரைத் திட்ட என்னால் முடியவில்லை. ஆனால் சும்மா நிற்கவும் முடியவில்லை. அந்த அம்மாளிடம் போய்ச் சொல்லப் போகிறேன் என்றேன். அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்தார். ஏமாற்றினோம் என்று யாரையாவது கூப்பிட்டுவிட்டால் வீசாவுக்கே ஆபத்து என்றார். எந்த வீசாவுக்காக முடியைக் கொடுத்தேனோ, அதே வீசா. கையை உதறிக்கொண்டு போனேன்.

என்னிடம் இருந்த இங்கிலீஷ் பத்துப் பதினைந்து வார்த்தை. மகளைக் காட்டி, "நோ சிக்" என்றேன். என் தலையைக் காட்டி, "டெம்பிள். காட். ஹேர் கிவ்" என்றேன். "ஸாரி, ஸாரி" என்று கும்பிட்டேன். அதற்குள் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. கன்னத்தில் ஒரு அறை விழுந்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன்.

அவள் புரியாமல் விழித்தாள். பின்னாலேயே வந்த என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் இங்கிலீஷில் ஒன்று விடாமல் சொன்னார், தனக்குக் காலையிலேயே தெரியும் என்பதையும் சேர்த்து. அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு என் மகள் பக்கத்தில் போய்க் குனிந்து, அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தாள்.

பார்த்துவிட்டுச் சிரித்தாள். அழுகையோடு சேர்ந்த சிரிப்பு. கணவனைத் திரும்பிப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். அது எனக்கே புரிந்தது. இந்தக் குழந்தைக்கு ஒன்றுமில்லையாம், நன்றாக இருக்கிறதாம், கடவுளுக்கு நன்றி என்றாள். தன் வீட்டுக் குழந்தைக்கு ரிப்போர்ட் நல்லபடியாக வந்தால் ஒரு தாய் எப்படிச் சொல்வாளோ, அப்படிச் சொன்னாள்.

மழை விடவில்லை. ஒரு மணி நேரம் காத்திருந்தோம். நாற்காலியில் இருந்த குழந்தை களைத்துப்போய்த் தூங்கிவிட்டது. மருந்து நேரம், கிளம்ப வேண்டும் என்றார்கள். நான் முயல் பொம்மையையாவது அந்தக் குழந்தையிடம் கொடுத்துவிடலாம் என்று மகளிடம் கேட்டேன். "என்னுது!" என்று கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் பிடுங்கப் போனேன். அந்த அம்மாள் என் கையைத் தடுத்து, மகள் தலையைத் தடவிவிட்டுப் போனாள். பட்டாம்பூச்சி பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் சீட்டைக் கேட்டில் திருப்பிக் கொடுத்து, விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தோம். யாரும் எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தக் குழந்தையின் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை நான். மூன்று வருஷம் கழித்து ஊருக்கு வந்தபோது, தோளுக்குக் கீழே வளர்ந்திருந்த முடியை மறுபடி மலையில் கொடுத்தேன். "இப்ப இன்னாத்துக்குடி?" என்று மாமியார் கேட்டார். ஒரு குழந்தைக்கு என்று மட்டும் சொன்னேன். அது பிழைத்ததா என்று தெரியாமலே கொடுத்தேன். முயல் பொம்மை இன்னும் எங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. இருபத்தைந்து வயதாகிவிட்ட என் மகள் அதை யாரையும் தொடவிடுவதில்லை.

இன்றைக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வீசா வந்தது, வேலை கிடைத்தது என்று யாராவது ஓடிவந்து சொன்னால், என் மனதில் முதலில் சுருக்கென்று பொறாமை தைக்கத்தான் செய்கிறது. அப்போதெல்லாம், தன் மகளைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு, என் மகளுக்கு ஒன்றுமில்லை என்று கேட்டுச் சிரித்த அந்த முகம் எனக்குள் வந்து நிற்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் நானும் வாய் நிறைய, "ரொம்ப சந்தோஷம்மா" என்று சொல்கிறேன்.