நாற்பத்தொன்றாவது கேள்வி

என் வீட்டுக்காரருக்கு ஊரில் வைத்த பெயர் ‘ஆர்டிகிள் சார்’. அரசியலமைப்பின் ஆர்டிகிள்களை, அதாவது ஷரத்துகளை, எண்ணோடு ஒப்பிப்பதால் வந்த பெயர். சரக்குக் கிடங்கில் லாரிகளை எடை போடும் இடத்தில் எழுத்தர் வேலை. வாரத்தில் ஆறு நாள் அங்கே எடைச்சீட்டு எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் டயர் கடைக்கு மேலே இருக்கும் அரசு வேலைத் தேர்வுப் பயிற்சி மையத்தில் அரசியலமைப்புப் பாடத்துக்கு மாதிரித் தேர்வு வைப்பார். ஆறு நாள் வேலையைப் பற்றிக் கேட்டால் ஒரு வரியில் முடித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டால் தொலைந்தீர்கள், சாப்பாடு ஆறிவிடும்.

அவரும் அந்த அரசு வேலைத் தேர்வை ஐந்து முறை எழுதியவர்தான். ஐந்தாவது முறையோடு வயது தாண்டிவிட்டது. அதைப் பற்றி அவர் பேசியதில்லை, நானும் கிளறியதில்லை. உட்கார முடியாத நாற்காலியை வருகிறவர்களுக்குத் துடைத்துக் கொடுக்கிறாரே என்று கல்யாணமான புதிதில் எனக்கு எரிச்சலாக இருக்கும். பிறகு பழகிவிட்டது. பழகியது மட்டும் இல்லை, நானும் கூடச் சேர்ந்து துடைக்க ஆரம்பித்துவிட்டேன்.

அவர் கேள்வி தயாரிக்கிற விதமே தனி. பழைய காலண்டர் தாள்களை நாலாகக் கிழித்து, பின்பக்கத்தில் ஒரு தாளுக்கு ஒரு கேள்வி எழுதுவார். கீழே நாலு விடை. சரியான விடையின் எழுத்துக்கு அடியில் இரண்டு கோடு. எல்லாம் ஒரு செருப்புப் பெட்டிக்குள் போகும். சரியான விடையை எழுதுவதற்கு அவருக்கு அரை நிமிடம் போதும். தப்பான மூன்றுக்குத்தான் மெனக்கெடுவார். அதிலும் ஒன்று சரியானதைப் போலவே இருக்க வேண்டும். அதற்கு ‘மாப்பிள்ளைத் தோழன்’ என்று பெயர் வைத்திருந்தார்.

“கல்யாண மேடையில பக்கத்துல நிக்கிறவன் மாப்பிள்ளையை விட நல்லா டிரஸ் பண்ணியிருப்பான். அவசரக்காரங்க போய் அவனுக்குக் கை குடுத்து வாழ்த்திட்டு வந்துடுவாங்க” என்பார்.

அந்தத் தாள்களைப் பார்த்து, சுத்தமாக, வரிசை எண் போட்டு எழுதி, தட்டச்சுக் கடைக்கு அனுப்புவது என் வேலை. தனித் தாளில் விடைப்பட்டியலும் நான்தான் எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை தாள் கொடுப்பது, கடிகாரம் பார்த்து மணி அடிப்பது, அதுவும் நான். சம்பளம் கிடையாது. ‘மேடம்’ என்று நாற்பது பேர் கூப்பிடுவார்கள், அது போதும் என்று இருந்தேன். பெருமைதான், ஒத்துக்கொள்கிறேன்.

அந்த நாற்பது பேரில் ஒருத்தி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். முப்பது தாண்டியவள். அப்பா படுக்கையில், தங்கை படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருடத் தேர்வுதான் வயதுக் கணக்கில் அவளுக்குக் கடைசி. கடையில் மருந்து அட்டைகளைப் பிரித்த காலிப் பெட்டிகளின் உட்புறத்தில் ஷரத்துகளை எழுதி மனப்பாடம் பண்ணுவாள். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். எப்போதும் கடைசி வரிசை.

ஒரு ஞாயிறு, தேர்வு முடிந்து, விடைப்பட்டியலை எல்லாருக்கும் கொடுத்துவிட்டு விடைகளை வாசித்துக்கொண்டிருந்தார் இவர். நாற்பத்தொன்றாவது கேள்வி, நாடு முழுவதற்கும் நெருக்கடி நிலை அறிவித்தால் எத்தனை காலத்துக்குள் நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும் என்பது. நாற்பத்திரண்டாவது, ஒரு மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தால் எத்தனை காலத்துக்குள் என்பது. இரண்டுக்கும் அதே நாலு விடைகள். பதினாலு நாள், ஒரு மாதம், இரண்டு மாதம், ஆறு மாதம். பட்டியலைப் பார்த்து இரண்டுக்குமே “ரெண்டு மாசம்” என்று வாசித்துவிட்டு நாற்பத்து மூன்றுக்குப் போனார்.

கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது.

“சார், நாப்பத்தொண்ணு... ஒரு மாசம்னு படிச்ச ஞாபகம்.”

“ஞாபகமா?” என்றார் இவர். “ஞாபகத்துக்கெல்லாம் மார்க் போட மாட்டாங்கம்மா. விடைப்பட்டியல்ல என்ன போட்டிருக்கு?”

“ரெண்டு மாசம்னு போட்டிருக்கு சார். ஆனா...”

“அப்புறம் என்ன ஆனா? மாப்பிள்ளைத் தோழனைப் பிடிச்சு வாழ்த்திட்டு வந்திருக்கீங்க. போய் மாப்பிள்ளையைப் பாருங்க.”

ஹால் முழுக்கச் சிரிப்பு. அவள் தலையைக் குனிந்துகொண்டு, எழுதியிருந்ததை அடித்துவிட்டு, சிவப்பு மையில் ‘இரண்டு மாதம்’ என்று எழுதி, அடியில் கோடும் போட்டாள். நான் தாள்களைச் சேகரித்தபோது பார்த்தேன்.

அடுத்த வருடம் நிஜத் தேர்வில் அந்தக் கேள்வி வந்தது.

தேர்வு நடத்தும் ஆணையம் தன் விடைகளை வெளியிட்டால், தப்பு இருக்கிறது என்று நினைக்கிறவர்கள் ஏழு நாளைக்குள் ஆதாரத்தோடு ஆட்சேபம் அனுப்பலாம். மூன்றாம் நாள் மத்தியானம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கடையில் சாப்பாட்டு இடைவேளை, கடையில் போடும் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. இவரும் சாப்பிட வந்திருந்தார். வந்தவள் உட்காரவே இல்லை.

“சார், ஆணையம் ஒரு கேள்விக்குத் தப்பா போட்டிருக்காங்க. நெருக்கடி நிலைக்கு ஒரு மாசம்னு. நீங்க அன்னைக்கே ரெண்டு மாசம்னு தெளிவா சொன்னீங்க. ஆதாரமா எந்தப் புத்தகம், எத்தனாவது பக்கம்னு மட்டும் சொன்னீங்கன்னா போதும். எனக்கு எல்லாமே எல்லைக்கோட்டுல நிக்குது சார். இந்த ஒண்ணு கிடைச்சா ஏறிடுவேன்.”

அவர் கையைக் கழுவிவிட்டு அலமாரிக்குப் போனார். புத்தகத்தை எடுத்தார். முந்நூற்று ஐம்பத்திரண்டாவது ஷரத்தைத் தேட அவருக்குப் பக்க எண் பார்க்கவே வேண்டாம். திறந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றார். ஒரு பத்தியை இத்தனை நேரம் யாரும் படிக்க மாட்டார்கள்.

திரும்பியபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

“தப்பு ஆணையத்தோடது இல்லம்மா, என்னோடது. ஒரு மாசம்தான் சரி.”

“அப்ப நான் முதல்ல எழுதினது...”

“அதுதான் சரி.”

“சரிங்க சார்” என்றாள். நான் கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். டம்ளரைத் தானே உள்ளே கொண்டு போய்க் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். போகும்போது, “பரவாயில்ல சார், நீங்க வேணும்னேவா செஞ்சீங்க?” என்றாள். திட்டியிருந்தால் தேவலை. இவர் தட்டில் பாதிச் சோறு அப்படியே காய்ந்தது.

அவர் வேலைக்குப் போன பிறகு நான் செருப்புப் பெட்டியை இறக்கினேன். எதற்கு என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தப்பு அவர் கையெழுத்தில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் எனக்கு நிம்மதி. ஒரு மணி நேரம் துழாவி அந்தத் தாளை எடுத்தேன். அவர் கையெழுத்து. ‘ஒரு மாதம்’ என்பதன் எழுத்துக்கு அடியில் இரண்டு கோடு, பேனா அழுந்திப் பின்பக்கம் தடம் விழுந்திருந்தது. அதற்கு அடுத்த தாளில் ‘இரண்டு மாதம்’. அதுவும் சரி.

விடைப்பட்டியலை எழுதிய நாள் எனக்கு நன்றாக நினைவு இருந்தது. தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு என் அக்காவோடு பேசியபடி எழுதினேன். யாரோ வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போன கதை. பேச்சு சுவாரசியத்தில் அடுத்த கேள்வியின் விடையை இரண்டு முறை எழுதிவிட்டேன். அந்த மருமகளின் பெயர்கூட இன்றைக்கு எனக்குத் தெரியாது.

தாளைத் தையல் மெஷின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்தேன். சாயங்காலம் அவர் வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் அவர் முகத்தைப் பார்த்ததும், நாளைக்குச் சொல்லலாம் என்று ஆனது.

ஞாயிற்றுக்கிழமை அவர் நாற்பது பேருக்கு முன்னால் எழுந்து நின்றார். “போன வருஷம் ஒரு கேள்விக்குத் தப்பான விடை சொன்னேன். சரியா சொன்னவங்களைக் கிண்டலும் பண்ணினேன். தயாரிச்சது நான், தப்பு என்னோடது” என்றார். நான் மணியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தேன். அது சத்தம் போட்டுவிடக் கூடாதே என்று அதன் நாக்கை விரலால் அழுத்திக்கொண்டிருந்தேன். என் நாக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை, அது அசையவே இல்லை. வெட்கம் கெட்டவள் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன், அதையும் மனதுக்குள்தான்.

முடிவுகள் வந்தன. மருந்துக்கடைக்காரி ஒரே ஒரு கேள்வியில் தோற்றுவிட்டாள்.

அன்றோடு இவர் கேள்வி எழுதுவதை நிறுத்தினார். பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் மின்விசிறியைத் துடைப்பார், குழாயைக் கழற்றி மாட்டுவார், நன்றாக இருக்கிற குழாயை. யாராவது தெருவில் “ஆர்டிகிள் சார்” என்று கூப்பிட்டால் காதில் விழாதவர் மாதிரி நடப்பார். ஐந்து முறை தோற்றபோதுகூட இந்த மனுஷன் இப்படி ஆகவில்லை. நான் தினமும் அந்த மெஷினில் உட்கார்ந்து தைத்தேன். இழுப்பறையைத் திறக்காமல் இருக்க, வேறு டப்பாவில் நூல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

என் பிரஷர் மாத்திரையையும் இரண்டு தெரு தள்ளி வேறு கடையில் வாங்கினேன். ஐந்து மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் அந்தக் கடை மூடியிருந்தது, மாத்திரையும் தீர்ந்துவிட்டது. வேறு வழி இல்லாமல் அந்தப் பெண் வேலை பார்க்கும் கடைக்குப் போனேன்.

அவள் மாத்திரையை எடுத்து வைத்துவிட்டு, “மேடம், சார் இப்பல்லாம் பேப்பர் போடறதில்லையாமே? என் தங்கச்சி மையத்துல சேர்ந்திருக்கா. இப்ப போடறவரோட கேள்வி சப்புன்னு இருக்காம். சாரோட மாப்பிள்ளைத் தோழன் மாதிரி வராதுன்னு நான்தான் சொல்லிட்டிருக்கேன்” என்றாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே சொன்னாள். மீதியைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன்.

இவர் கூடத்தில் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் இழுப்பறையைத் திறந்து, தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

“என்னங்க, நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க. நான்தான் பட்டியல்ல மாத்தி எழுதினேன். அக்காகூட ஃபோன் பேசிக்கிட்டே எழுதினேன். அந்தப் பொண்ணு வந்துட்டுப் போன அன்னைக்கே இதைப் பாத்துட்டேன். அஞ்சு மாசமா மறைச்சு வச்சிருந்தேன்.”

கத்துவார் என்று நினைத்தேன். கத்தட்டும் என்றுதான் நின்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு கோடுகளையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

“இது இன்னும் மோசம்” என்றார்.

“ஏங்க?”

“இத்தனை நாளா எனக்குத் தெரியலைன்னு நினைச்சு வெட்கப்பட்டுட்டு இருந்தேன். தெரியாம இருக்கறது பெரிய குத்தம் இல்ல. எனக்குத் தெரிஞ்சிருக்கே. என் கையாலயே கோடு போட்டிருக்கேன். கடைசி வரிசையில இருந்து கேக்கறாளேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா வந்திருக்கும். நான் யோசிக்கல. ஜோக் அடிச்சேன்.”

தாளை மடிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். செருப்பைத் தேடினார். மருந்துக்கடைக்குத்தான் என்று கேட்காமலே புரிந்தது, நானும் சேலையைச் சரி செய்துகொண்டு கிளம்பினேன். வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அன்னைக்கு ஹால்ல எல்லாரும் சிரிச்சாங்களே. நீயும் சிரிச்சியா?”

“சிரிச்சேன்” என்றேன்.